குவாண்டம் சோதனை இயற்பியல்: லேபிலும் வகுப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு குவாண்டம் சோதனைத் துறைக்கு வருகிறவர்கள் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. ஃபைபர் கனெக்டரிலும், கோயின்சிடன்ஸ் (இரண்டு டிடெக்டர் ஒரே நேரத்தில் க்ளிக் செய்வது) கணக்கிலும், டெண்டர் கோப்பிலும்தான் சறுக்குகிறார்கள். 2023 ஏப்ரலில் ரூ.6,003.65 கோடியில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடிக்கு வந்தது. அதிலிருந்து இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். பழைய தவறுகளே புது ஆட்களிடம் திரும்பத் திரும்ப வருகின்றன.

பெயரைப் பார்த்து லேபில் சேர்வது

குவாண்டம் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அன்றாட வேலைகள் இருக்கின்றன. சூப்பர்கண்டக்டிங் க்யூபிட் (மீகடத்தியால் ஆன குவாண்டம் பிட்) என்றால் க்ளீன்ரூம், மைக்ரோவேவ், மில்லிகெல்வின் வரை குளிர்விக்கும் டைல்யூஷன் ஃப்ரிட்ஜ். குளிர்அணு என்றால் வெற்றிட அறை, நாள்கணக்கில் பேக்-அவுட் (வெற்றிடத்துக்காக அறையைச் சூடாக்கி வாயுவை வெளியேற்றுவது), லேசரை அணுவின் அதிர்வெண்ணில் பூட்டி வைப்பது. ஃபோட்டான் என்றால் அலைன்மென்ட், எண்ணிக்கை, மறுபடி அலைன்மென்ட். எந்த வேலையை ஐந்து வருடம் சலிக்காமல் செய்ய முடியும் என்று பார்த்துத்தான் சேர வேண்டும். கைடு வெளியிட்ட கட்டுரைத் தலைப்பின் கவர்ச்சி ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் பெயர்பெற்ற இடம்தான், ஆனால் அது கோட்பாட்டுக்கானது. ஆப்டிக்கல் டேபிள் தேடுபவர் அங்கே விண்ணப்பித்துப் பயனில்லை.

சேரும் முன் கைடிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்தக் கருவியில் கடைசியாக எப்போது டேட்டா எடுத்தீர்கள்?" லேப் இப்போதுதான் கட்டப்படுகிறது என்றால் முதல் அளவீடு வரவே இரண்டு மூன்று வருடம் ஆகலாம். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் ரூ.37,000, முதல் இரண்டு வருடத்துக்கு. பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ரூ.42,000. இரண்டும் சேர்ந்து ஐந்து வருடம். கட்டுமானத்திலேயே பாதிக் காலம் போய்விட்டால், தீசிஸ் எழுதும் நேரத்தில் உதவித்தொகை நின்றிருக்கும். புது லேபில் சேரவே கூடாது என்பதில்லை. லேசரை முதல் திருகிலிருந்து கட்டியவருக்கு வரும் கைத்தேர்ச்சி தயாராக இருக்கும் லேபில் கிடைக்காது. ஆனால் கட்டுமானம் நடக்கும்போதே ஒரு சின்ன அளவீட்டை முடித்து வெளியிடும் ஏற்பாடு உண்டா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அதே லேபில் மூன்றாம், நான்காம் வருடத்தில் இருப்பவர்களிடம் கைடு இல்லாத நேரத்தில் தனியாகப் பேசுவதும் அவசியம்.

எண்ணியதெல்லாம் ஜோடி என்று நம்புவது

பின்னிய (என்டாங்கிள்ட்) ஃபோட்டான் ஜோடி இன்று எம்.எஸ்சி. லேப் வரை வந்துவிட்டது. 405 நானோமீட்டர் லேசர், ஒரு ஃபோட்டானை இரண்டாகப் பிரிக்கும் மெல்லிய பிபிஓ படிகங்கள் இரண்டு, நடு அச்சிலிருந்து இருபுறமும் சுமார் 3 டிகிரியில் வெளிவரும் 810 நானோமீட்டர் ஃபோட்டான்கள், போலரைசர், ஃபில்டர், இரண்டு டிடெக்டர், ஒரு கோயின்சிடன்ஸ் கவுண்டர். இரண்டு டிடெக்டரும் ஒரு குறுகிய நேர இடைவெளிக்குள் சேர்ந்து க்ளிக் செய்தால் அதை ஜோடி என்று எடுத்துக்கொள்கிறோம்.

சம்பந்தமே இல்லாத இரண்டு ஃபோட்டான்களும் தற்செயலாக அந்த இடைவெளிக்குள் வந்து விழும். இது எவ்வளவு என்று கணக்கிடுவது சுலபம்: முதல் டிடெக்டரின் எண்ணிக்கை, இரண்டாவதின் எண்ணிக்கை, நேர இடைவெளி மூன்றையும் பெருக்கினால் போதும். ஒவ்வொன்றும் நொடிக்கு 50,000, இடைவெளி 10 நானோநொடி என்றால் தற்செயல் ஜோடி நொடிக்கு 25. உண்மையான ஜோடி அதிகபட்சம் 500 வருகிறது என்று கொள்வோம். போலரைசரைத் திருப்பும்போது உச்சத்தில் 525, பள்ளத்தில் பூஜ்யத்துக்குப் பதில் 25. விசிபிலிட்டி (உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது) 0.91. பின்னலைச் சோதிக்கும் சிஎச்எஸ்எச் சோதனையில் எஸ் என்ற மதிப்பு 2-ஐத் தாண்டினால்தான் அது பழைய இயற்பியலால் விளக்க முடியாத தொடர்பு. இங்கே எஸ் 2.57-ஐத் தாண்டாது. கோட்பாடு தரும் உச்சம் 2√2, அதாவது 2.83.

இங்கேதான் எல்லோரும் செய்யும் தவறு வருகிறது. எண்ணிக்கை போதவில்லை என்று லேசர் பவரை இரட்டிப்பாக்குவார்கள். உண்மை ஜோடி 1,000 ஆகும். தற்செயல் ஜோடியோ நான்கு மடங்காகி 100 ஆகும். விசிபிலிட்டி 0.83-க்கு இறங்கி, எஸ் 2.36 ஆகிவிடும். பவரைக் கூட்டியதால் முடிவு கெட்டுப்போனது. நேர இடைவெளியைக் குறைப்பது, அல்லது பவரை விட்டுவிட்டு அதிக நேரம் எண்ணுவது, இரண்டில் ஒன்றுதான் வழி. பிழை எண்ணிக்கையின் வர்க்கமூலம் என்பதால் 100 எண்ணினால் 10 சதவீதப் பிழை, 10,000 எண்ணினால் 1 சதவீதம்.

தற்செயல் ஜோடியைக் கணக்கில் மட்டும் போடாமல் அளந்தும் பார்க்க வேண்டும். ஒரு டிடெக்டரின் கேபிளில் கூடுதலாக 20 மீட்டர் சேருங்கள். கோஆக்ஸ் கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 5 நானோநொடி தாமதம் என்பதால் மொத்தம் 100 நானோநொடி. உண்மை ஜோடிகள் மறைந்து தற்செயல் மட்டும் மிஞ்சும். அது கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால் நேர இடைவெளியைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள், அல்லது லேசரின் பவர் தாவிக்கொண்டிருக்கிறது. கட்டுரையில் தற்செயலைக் கழிக்காத மதிப்பையும் கழித்த மதிப்பையும் சேர்த்தே தர வேண்டும்.

இன்னொன்று: போலரைசர் இரண்டையும் 0-0, 0-90 என்று வைத்துப் பார்த்துவிட்டு "பின்னல் கிடைத்துவிட்டது" என்று சொல்வது. பாதி நேரம் இரண்டும் கிடைமட்டம், பாதி நேரம் இரண்டும் செங்குத்து என்று வெறுமனே கலந்த ஒளியும் இதே எண்ணைத் தரும். 45-45, 45-135 கோணங்களில்தான் வித்தியாசம் தெரியும்: கலவை என்றால் இரண்டு இடத்திலும் ஒரே எண்ணிக்கை, பின்னல் என்றால் ஒன்றில் உச்சம், மற்றதில் ஏறக்குறைய வெறுமை. 45 டிகிரியில் வித்தியாசமே வரவில்லை என்றால் படிகத்தைக் குறை சொல்லும் முன் லேசர் பாதையில் உள்ள குவார்ட்ஸ் தட்டை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். இரண்டு படிகங்களிலிருந்து வரும் ஜோடிகளுக்கிடையே உள்ள கட்ட வேறுபாட்டைச் சரிசெய்வது அதுதான்.

மூன்றாவது, லேசரை மங்கலாக்கினால் ஒற்றை ஃபோட்டான் கிடைக்கும் என்ற நம்பிக்கை. ஒரு துடிப்புக்குச் சராசரி 0.1 ஃபோட்டான் என்று குறைத்தாலும், காலியாக இல்லாத துடிப்புகளில் சுமார் 5 சதவீதத்தில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து வரும் போக்கைக் காட்டும் ஜி2 மதிப்பு, லேசர் எவ்வளவு மங்கினாலும் 1 தான்; உண்மையான ஒற்றை ஃபோட்டானுக்கு அது பூஜ்யம். ஒற்றை ஃபோட்டான் என்று சொல்ல ஜோடியில் ஒன்றை அறிவிப்பாளராக வைத்து, மற்றதை பீம் ஸ்ப்ளிட்டரில் விட்டு, மொத்தம் மூன்று டிடெக்டரில் அளக்க வேண்டும். கிராஞ்சியர், ரோஜர், ஆஸ்பே 1986-ல் செய்து காட்டியதும் இந்த அமைப்பின் அடிப்படைதான்.

டிடெக்டர் விஷயத்தில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மின்சாரம் போட்ட பிறகு அறை விளக்கைப் போடாதீர்கள். பக்கத்திலிருக்கும் பவர் சப்ளையின் சின்ன எல்ஈடி கூட எண்ணிக்கையை ஏற்றும், அதன்மேல் கருப்பு டேப் ஒட்டுங்கள்.

மைக்ரோவேவ் பக்கம் போனால் தவறு வேறு உருவத்தில் வரும். 5 கிகாஹெர்ட்ஸ் க்யூபிட்டின் ஆற்றல் வெப்பநிலையில் சொன்னால் 0.24 கெல்வின். எனவே ஃப்ரிட்ஜ் 20 மில்லிகெல்வினில் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுவார்கள். அறை வெப்பநிலையிலிருந்து இறங்கும் கேபிள் அந்த அதிர்வெண்ணில் 1,200-க்கும் மேற்பட்ட வெப்ப ஃபோட்டான்களைக் கூடவே கொண்டுவரும். வெவ்வேறு குளிர்நிலைகளில் பிரித்து மொத்தம் 60 டெசிபெல் அளவுக்கு அட்டென்யூவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் பாகம்) போட்டால்தான் அது அடங்கும். மொத்தத்தையும் மேலேயே போட்டால், அறை வெப்பநிலையில் இருக்கும் அட்டென்யூவேட்டரே அதே வெப்ப இரைச்சலை வெளியிடும், அதைக் கீழே குறைக்க எதுவும் இருக்காது.

பிடித்த டேட்டாவை மட்டும் வரைவது

டெல்ஃப்ட் பல்கலைக்கழகக் குழு 2018-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட மயோரானா (தனக்குத்தானே எதிர்த்துகளாக இருக்கும் துகள்நிலை) கட்டுரை 2021 மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டது. மின்கடத்தல் ஒரு குவாண்டம் மதிப்பில் சமதளமாக நிற்கிறது என்பது அதன் மையக் கூற்று. அளந்த வரம்பு முழுவதையும் வரைந்தபோது அந்தச் சமதளம் நிற்கவில்லை. ஆய்வு செய்த நிபுணர்கள் மோசடி நோக்கம் இருந்ததாகச் சொல்லவில்லை, உற்சாகத்தில் ஆசிரியர்கள் தங்களையே ஏமாற்றிக்கொண்டார்கள் என்றார்கள். அதனால்தான் இது எல்லோருக்கும் நேரக்கூடியது. எந்தப் புள்ளியை நீக்குவது என்ற விதியை டேட்டா எடுக்கும் முன்பே நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். மூல ஃபைலைத் தொடவே கூடாது. ஃபைல் பெயரில் தேதியும் நேரமும், உள்ளே லேசர் பவர், வெப்பநிலை, நேர இடைவெளி எல்லாமும் இருக்க வேண்டும். "ஃபைனல்_புதுசு_2" என்ற பெயரில் ஒரு ஃபைலாவது இல்லாத லேப் அரிது.

கண்

780 நானோமீட்டர் லேசர் மங்கலான சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும். நம் கண் அந்த அலைநீளத்தை ஏறக்குறைய உணர்வதே இல்லை என்பதே காரணம். மங்கலாகத் தெரிகிறதே என்று 30 மில்லிவாட்டை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பச்சை லேசருக்கு வாங்கிய கண்ணாடி இதைத் தடுக்காது, கண்ணாடியில் அச்சிட்டுள்ள அலைநீள வரம்பைப் படியுங்கள். லேசர் பட்டுக் கண்ணுக்குத் தெறிக்கும் என்பதால் மோதிரமும் கைக்கடிகாரமும் டேபிளுக்கு வெளியே இருக்கட்டும்.

சொந்த லேப்: பெரிய கருவிக்கு மட்டும் பட்ஜெட்

வேலை கிடைத்தவுடன் போடும் திட்டத்தில் லேசர், டிடெக்டர், ஆப்டிக்கல் டேபிள் என்று பெரிய பொருள்கள் மட்டும் இருக்கும். மவுண்ட், ஃபைபர், அடாப்டர், பவர் சப்ளை, டியூட்டி, ஜிஎஸ்டி எதுவும் இருக்காது. ஏஎன்ஆர்எஃப் (மத்திய அரசின் தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பு) இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் பிரதமர் மானியம் மூன்று வருடத்துக்கு ரூ.60 லட்சம் வரை. இரண்டு கருவிகளில் அது தீர்ந்துவிடும். சின்னச் சாமான்களுக்கென்று ஆறில் ஒரு பங்கையாவது ஒதுக்கிவைப்பது புத்திசாலித்தனம்.

சின்னச் சாமான்களில்தான் மாதக்கணக்கில் நேரம் போகும். மெட்ரிக் டேபிளில் துளை இடைவெளி 25 மில்லிமீட்டர், திருகு எம்6. அமெரிக்க டேபிளில் 25.4 மில்லிமீட்டர், கால் அங்குலத் திருகு. பத்துத் துளை தள்ளிப் போனால் 4 மில்லிமீட்டர் விலகல். கனெக்டரில் சாதாரண எஃப்சி-பிசி, 8 டிகிரி சாய்வாகத் தேய்த்த எஃப்சி-ஏபிசி என்று இரண்டு உண்டு. இரண்டையும் ஒன்றோடொன்று மாட்டினால் ஒளியும் வீணாகும், ஃபைபர் முனையும் கீறும். ஏபிசி பெரும்பாலும் பச்சை நிறத்தில் வரும். ஆர்டர் போடும் முன் லேபில் எல்லாம் ஒரே வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டெண்டரில் ஸ்பெசிஃபிகேஷனைத் தளர்வாக எழுதினால் மலிவான, வேலைக்கு ஆகாத பொருள்தான் வந்து சேரும். இறுக்கி எழுதினால் ஒரே கம்பெனிக்காக எழுதியதாக ஆட்சேபம் வரும். ஒவ்வொரு எண்ணுக்கும் அறிவியல் காரணம் ஒரு வரி கோப்பிலேயே இருந்தால் இரண்டும் குறையும். கருவி வரும் முன் மூன்று-ஃபேஸ் மின்சாரம், குளிர்நீர், எர்த்திங், ஏசி ஆகியவற்றை முடித்துவிடுங்கள். கிரையோஸ்டாட்டுக்கு (கடுங்குளிர் கருவி) தரைத்தளமே நல்லது. பெட்டியிலேயே கிடந்தபடி வாரன்டி முடிந்துபோன கருவிகள் பல கல்வி நிறுவனங்களில் உண்டு.

வகுப்பில்

"ஒன்றை அளந்தால் மற்றது உடனே மாறிவிடுகிறது" என்று தொடங்கினால் மாணவர்கள் ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். ஒரு டிடெக்டரின் எண்ணிக்கையை மட்டும் வைத்து, எதிர்ப்பக்கப் போலரைசரை அவர்களையே திருப்பச் சொல்லுங்கள். இங்கே எண்ணிக்கை அசையாது. இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால்தான் தொடர்பு தெரியும். இந்த ஐந்து நிமிட அளவீட்டுக்குப் பிறகு ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவரும் 2022 நோபல் பரிசைப் பெற்ற காரணத்தை எளிதாகச் சொல்லிவிடலாம்.

எஸ் மதிப்பு காண நான்கு கோண அமைப்பு, ஒவ்வொன்றிலும் நான்கு எண்ணிக்கை, ஆக 16 அளவீடு. வரிசையாக எடுக்கும்போது ஏசி ஓடி நின்று லேசர் நகர்ந்துவிடும். எனவே 16 முடிந்ததும் முதல் அளவீட்டை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அது புள்ளியியல் பிழையைத் தாண்டி மாறியிருந்தால் அன்றைய டேட்டா செல்லாது. 1.9 வந்ததை அப்படியே காட்டி, பிழைக்கான காரணத்தையும் அளந்து எழுதிய குழுவுக்கு, 2.5 காட்டியும் தற்செயல் ஜோடிக் கணக்கே போடாத குழுவைவிடக் கூடுதல் மதிப்பெண் தரும்படி மதிப்பீட்டு அட்டவணையை வருட ஆரம்பத்திலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட வேண்டும்.