பஞ்சாயத்தைப் பத்தி எழுதுறீங்களா? எங்க மாட்டுவீங்கன்னு சொல்றேன்

இப்ப ஊருக்கு ரெண்டு பசங்க ஃபேஸ்புக்ல பேஜ் வெச்சு குப்பை, குடிநீர், ரோடுன்னு எழுதுறாங்க, நல்ல விஷயம்தான். ஆனா வக்கீல் நோட்டீஸ் வந்ததும் ஃபோன் பண்ணி "அண்ணே, இப்ப என்ன பண்றது"ன்னு கேக்கும்போது எடுத்துப் பார்த்தா, அந்தக் காலத்துல நாங்க அடிச்ச அதே கூத்து. பழைய வீடியோவைப் புதுசுன்னு போடாதே, ஃபார்வர்டை நம்பாதேன்னெல்லாம் நான் சொல்ல வரல. அதுகூடத் தெரியாதவன் எழுதவே வேணாம்.

ஆபீஸை விட்டுட்டு ஆளைப் பிடிக்கிறது

இன்னிக்கும் எனக்கு எரிச்சல் வர்ற தப்பு இதுதான். ஒரு பேரூராட்சில மழைநீர் வடிகால் போட்டாங்க, அங்க இருக்குற தம்பி ஒருத்தன் ஆர்டிஐல, அதான் தகவல் உரிமைச் சட்டத்துல, 10 ரூபா ஸ்டாம்ப் ஒட்டி எஸ்டிமேட், எம் புக் (செஞ்ச வேலையை அளந்து எழுதி வைக்கிற ஆபீஸ் புத்தகம்) நகல் எல்லாம் வாங்கி, டேப் எடுத்துட்டுப் போய் ஆழத்தை அளந்து, எஸ்டிமேட்டுக்கும் தரைக்கும் நடுவுல எவ்ளோ ஓட்டைன்னு கரெக்டா பிடிச்சிட்டான். அவ்ளோ வேலை செஞ்சவன் கடைசில போட்ட தலைப்பு என்ன தெரியுமா, கவுன்சிலர் பேரைப் போட்டு "வடிகால் பணத்தைச் சுருட்டினார்"னு. முடிஞ்சுது. ஆழம் கம்மின்னு அவன்கிட்ட பேப்பர் இருக்கு, பணம் யார் பாக்கெட்டுக்குப் போச்சுன்னு ஒரு துண்டுச்சீட்டு இல்ல. கவுன்சிலரும் ஆழத்தைப் பத்தி வாயே திறக்கல, என் மானம் போச்சுன்னு நோட்டீஸ் விட்டார். அப்புறம் ஊர் பூரா பேச்சு இவன் நிரூபிப்பானா மாட்டானான்னுதான், வடிகாலை எவனும் திரும்பிப் பார்க்கல.

இதுல கொடுமை என்னன்னா சட்டம் நம்ம பக்கம் இவ்ளோ சாய்ஞ்சு நிக்குது. ஆட்டோ சங்கர் எழுதின சுயசரிதையை நக்கீரன்ல போடவிடாம தடுக்கப் பார்த்த கேஸ் இருக்கே, 1994ல சுப்ரீம் கோர்ட் அதுல தெளிவா சொல்லிருச்சு, அரசாங்கமோ உள்ளாட்சி அமைப்போ தன்னை அவதூறு பண்ணிட்டாங்கன்னு நஷ்டஈடு கேட்டு வழக்கு போட முடியாதுன்னு. அதிகாரி போட்டாலும், அவர் பார்க்குற அரசாங்க வேலையைப் பத்தினதுன்னா, நியாயமா சரிபார்த்துட்டுத்தான் எழுதினேன்னு நாம காட்டினா போதும், அப்படியே உண்மைன்னு நிரூபிக்கணும்னுகூட இல்ல. ஆனா கவனிங்க, இது நஷ்டஈடு கேஸுக்குத்தான். கிரிமினல் அவதூறு அப்படியேதான் இருக்கு, 2016ல சுப்ரீம் கோர்ட்டே செல்லும்னு சொல்லிருச்சு, இப்ப பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 356, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். அங்க உண்மைன்னு மட்டும் சொன்னா பத்தாது, பொதுநலனுக்காக எழுதினதாவும் இருக்கணும். பேரூராட்சிக்கு மானநஷ்டம் இல்ல, கவுன்சிலருக்கு உண்டு.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்ல. வேல்ஸ்ல கார்மார்தன்ஷைர் கவுன்சில் கூட்டத்தை மொபைல்ல வீடியோ எடுத்ததுக்கு 2011ல ஒரு அம்மாவை போலீஸ் கைது பண்ணிச்சு. அந்தம்மா கவுன்சிலோட தலைமை அதிகாரி மேல அவதூறு கேஸ் போட, அவர் திருப்பி ஒண்ணு போட, 2013ல வந்த தீர்ப்புல அந்தம்மா 25,000 பவுண்டு கட்டணும்னு ஆயிருச்சு. கவுன்சில் நேரா கேஸ் போட அந்த நாட்டுலயும் வழி கிடையாது, டெர்பிஷைர் கவுன்சில் ஒரு பேப்பர் மேல போட்ட கேஸ்ல 1993லயே அந்தக் கதவை மூடிட்டாங்க. அதனால அதிகாரி பேர்ல கேஸ், செலவு கவுன்சில் காசுல. அப்படிக் காசு கொடுத்தது சட்டப்படி தப்புன்னு 2014ல தணிக்கைத் துறை சொல்லிச்சு, சொல்லி என்ன, அந்தம்மா தலைல விழுந்தது விழுந்ததுதான்.

அப்ப எப்படி எழுதணும்? எஸ்டிமேட்ல இத்தனை அடி, நான் இன்ன தேதில அளந்தது இத்தனை அடி, எம் புக்ல கையெழுத்து போட்டது இன்ன பதவி, பேரூராட்சி பதில் சொல்லுமா. அவ்ளோதான். திருடன்ங்கறதை படிக்கிறவன் முடிவு பண்ணட்டும், நீங்க எதுக்கு அவனுக்கு முந்திக்கிறீங்க. பத்தாததுக்கு ஆர்டிஐ 2(ஜே)ல வேலை நடக்குற எடத்தைப் பார்க்கவும் மெட்டீரியல் சாம்பிள் எடுக்கவும் உரிமை இருக்கு, அதைக் கேட்டுப் பாருங்க, திட்டினதைவிட அதுக்குத்தான் ஆபீஸ்ல வேர்க்கும்.

ஜாதியை இழுக்கிறது

எழுதாதே.

பெண் தலைவரைப் பத்தி வீட்டுக்காரரை வெச்சு நக்கல்

அவதூறுன்னா போலீஸ் நேரா எஃப்ஐஆர் போட முடியாது, பாதிக்கப்பட்டவர்தான் கோர்ட்டுக்குப் போகணும். ஆனா அசிங்கமா ரெண்டு வரி எழுதிக்கொடுத்தா பெண்கள் வன்கொடுமைச் சட்டத்தை நீங்களே தட்டுல வெச்சுக் கொடுத்த மாதிரி.

நோட்டீஸ் வந்ததும் போஸ்டை டெலீட் பண்றது

ஸ்க்ரீன்ஷாட் ஏற்கெனவே அவங்ககிட்ட இருக்கு. தப்பா இருந்தா திருத்தி, திருத்தினேன்னு கீழ எழுதுங்க.

ஃபோன்ல கூப்பிட்டதும் ஸ்டேஷனுக்கு ஓடுறது

"சும்மா ஒரு என்கொயரி, வந்துட்டுப் போங்க"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. சாட்சியா விசாரிக்கக் கூப்பிடணும்னாகூட எழுத்துல ஆர்டர் வேணும், பொம்பளைங்களையும் 60 வயசு தாண்டின ஆம்பளைங்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்கணும். நெட்ல எழுதுறதுக்குக் கைது பண்ண வெச்சிருந்த ஐடி ஆக்ட் 66ஏன்னு யாராவது மிரட்டினா சிரிச்சிட்டு விடுங்க, அது 2015 மார்ச் 24லயே செத்துப்போச்சு, அதுக்கப்புறமும் போலீஸ் அதுல கேஸ் போட்டுட்டே இருந்ததால 2022 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் மறுபடி கண்டிச்சுது. மரியாதையா "நோட்டீஸ் அனுப்புங்க சார், வக்கீலோட வர்றேன்"னு சொல்லிட்டு ஃபோனை வைங்க, எந்த செக்‌ஷன்னு பேப்பர்ல வரட்டும். பாதிப் பேருக்கு அந்தப் பேப்பர் வர்றதே இல்ல.