மேடைக்கு அடியில் பொருத்திய டிஷ்வாஷரைக் கழற்றும் முறை

பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்தபோது, கிரானைட் மேடைக்கு அடியில் இருந்த டிஷ்வாஷரை அத்தானும் நானும் சேர்ந்து வெளியே எடுத்தோம். ஏறத்தாழ 30 முதல் 50 கிலோ வரை எடையுள்ள இயந்திரம் என்பதால், இதைத் தனியாகச் செய்ய வேண்டாம்.

மின் இணைப்பு இருக்கும்போதே, தண்ணீரை வெளியேற்றும் இயக்கத்தை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பிறகு சுவிட்சை மட்டும் அணைத்து நின்றுவிடாமல், வீட்டின் மின் பகிர்வுப் பெட்டியான டிபி பாக்ஸில் அதற்குரிய எம்சிபியையும் (தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, கைக்கு எட்டுமானால் பிளக்கைப் பிடுங்குங்கள். வடிகட்டியைக் கழற்றி, அதன் கீழுள்ள குழியில் தேங்கிய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

அடுத்து சிங்க்கின் அடியில், டிஷ்வாஷருக்குத் தண்ணீர் தரும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். போர் தண்ணீர் வரும் வீடுகளில் உப்பு படிந்து வால்வு முழுமையாக மூடாமல் போகலாம். அப்போது மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயின் வால்வையே மூடிவிடுவது நல்லது. பெரும்பாலும் முக்கால் அங்குலமுள்ள ஹோஸ் நட்டும் இதே உப்பால் இறுகியிருக்கும். அதை வலுக்கொண்டு திருகினால் நட்டுக்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் எல்போ (வளைவு இணைப்பு) திரும்பி, டைல்ஸை உடைத்துப் பார்க்கும் நிலை வரும். ஆகவே வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்து, ஒரு ஸ்பேனரால் வால்வை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டை இடப்புறமாகத் திருப்புங்கள். ஹோஸின் முனையில் பிளாஸ்டிக் பெட்டி இருந்தால், அதற்குள் பெரும்பாலும் மின்வால்வு இருக்கும். அந்த ஹோஸை வெட்டக் கூடாது. கழிவு ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, முனையை உயர்த்திப் பிடித்தபடியே கழற்றி, பிறகு வாளிக்குள் இறக்குங்கள்.

கதவைத் திறந்தால் மேல்விளிம்பிலோ பக்கங்களிலோ திருகுகள் தெரியும். கிரானைட்டில் திருகு ஏறாது என்பதால் பக்கத்து அலமாரிப் பலகையில்தான் பெரும்பாலும் முடுக்கியிருப்பார்கள். அவற்றைக் கழற்றிக் கதவை மூடுங்கள். கீழே உள்ள மறைப்புப் பலகையையும் எடுத்துவிடுங்கள்.

எங்களுக்கு இங்கேதான் வேலை நின்றது. இயந்திரத்தை வைத்த பிறகு தரையில் புது டைல்ஸ் ஒட்டியிருந்ததால், கால்கள் அந்த விளிம்பில் இடித்தன. முன்கால்களைத் திருகி உயரத்தைக் குறைத்தோம். பின்காலை இறக்கும் திருகு பல மாடல்களில் முன்பக்கத்தின் அடியிலேயே இருக்கும். அப்படியும் போதாவிட்டால் முன்புறத்தைச் சற்றே தூக்கி, டைல்ஸின் மேல் ஏற்ற வேண்டும்.

தரையில் அட்டை விரித்து, கைப்பிடியைப் பற்றாமல் அடிப்பகுதியின் இரு பக்கங்களையும் பிடித்து, ஹோஸ் எங்கும் சிக்காமல் மெல்ல இழுங்கள். தண்ணீரை மென்மையாக்க உப்பு போடும் உள்தொட்டியில் தண்ணீர் நிற்கும் என்பதால் இயந்திரத்தைச் சாய்க்காமல் நிமிர்த்தியே நகர்த்துங்கள்.

ஆங்கிள் வால்வின் வாய்க்கு எண்ட் கேப் (அடைப்பு மூடி) போட்டு, கழிவுக் குழாயின் துளையையும் உடனே அடைத்துவிடுங்கள். இல்லையேல் நாற்றமும் கரப்பானும் அதன் வழியே வரும். அதன்பின், மாடித் தொட்டியின் வால்வை மூடியிருந்தால் அதைத் திறந்து, எண்ட் கேப்பின் கீழே காய்ந்த காகிதம் ஒன்றை இரவு முழுவதும் வைத்து, காலையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.