கன்டெய்னருக்குள் போய்த் திருத்தாதீர்கள்

கோலா-ஆன்சிபிள் என்ற நிறுவல் கருவி கொண்டு அமைத்த ஓப்பன்ஸ்டாக் மேகக் கணிமைத் தளத்தில், ஒவ்வொரு சேவையும் கன்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓடும். மெய்நிகர் கணினிகளை இயக்கும் நோவா சேவையின் அமைப்புக் கோப்பைக் கன்டெய்னருக்குள் போய் மாற்றினால், அந்தக் கன்டெய்னர் மறுபடி உருவாகும்போது மாற்றம் காணாமல் போகும். கன்டெய்னர் ஓடும் ஹோஸ்ட் கணினியில் /இடிசி/கோலா/நோவா-கம்ப்யூட் அடைவில் கைவைத்தாலும் அமைப்புகளைப் புதுப்பிக்கும் ரீகான்ஃபிகர் கட்டளை அடுத்த முறை ஓடும்போது மேலெழுதிவிடும்.

ஆன்சிபிள் ஓடும் கணினியில் /இடிசி/கோலா/கான்ஃபிக்/நோவா.கான்ஃப் கோப்பை உருவாக்கி, உரிய பிரிவுத் தலைப்பின்கீழ் மாற வேண்டிய வரிகளை மட்டும் எழுதுங்கள். கோலா-ஆன்சிபிள் உருவாக்கும் மீதி அமைப்புகளோடு அது தானே இணையும். முழுக் கோப்பையும் நகலெடுத்து வைப்பது வேண்டாத வேலை: பதிப்பு உயர்த்தும்போது பழைய மதிப்புகளும் ஒட்டிக்கொண்டு வரும்.

பிறகு ரீகான்ஃபிகர் கட்டளையை நோவா டேக்கோடு (எந்தச் சேவைக்கு என்று குறிக்கும் அடையாளம்) ஓட்டுங்கள். டேக் இல்லாவிட்டால் எல்லாச் சேவைகளையும் சுற்றிவரும். சேவை எழவில்லையா? கன்டெய்னரின் வெளியீட்டைக் காட்டும் டாக்கர் லாக்ஸ் கட்டளையோடு நிற்காதீர்கள். விவரம் பெரும்பாலும் /வார்/லாக்/கோலா அடைவில்தான் கிடைக்கும்.