மறைவான பிரவுசர் செட்டிங்ஸில் கை வைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஒருநாள் என் ஆன்லைன் காலண்டரில் எல்லா மீட்டிங்கும் இடம் மாறிக் கிடந்தன. கம்ப்யூட்டர் கடிகாரம் சரி, போனில் சரி, பிரவுசருக்குள் மட்டும் யுடிசி எனும் உலகப் பொது நேரம். அரை நாள் காலண்டரைத் திட்டித் தீர்த்த பிறகுதான் உறைத்தது. மூன்று வாரத்துக்கு முன் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் மறைவான செட்டிங்ஸ் பக்கமான அபவுட்:கான்ஃபிக்கில் ‘பிரைவசி.ரெசிஸ்ட்ஃபிங்கர்பிரிண்டிங்’ என்ற வரியை ட்ரூ என்று மாற்றியது நானேதான். இணையதளங்கள் நம்மைத் தனியாக இனம்கண்டு பின்தொடராமல் இருக்க, அது எல்லாப் பயனரையும் ஒரே அச்சில் வார்த்ததுபோலக் காட்டப் பார்க்கும். அதற்காக நம் நேர மண்டலத்தையும் மறைத்துவிடும். சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. மறந்து தொலைத்தது நான்.

இந்தப் பக்கங்களில் கை வைத்து மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான். மாற்றியவுடன் ஏதாவது உடைந்தால் பிரச்சினையே இல்லை, உடனே திருப்பிவிடலாம். வாரக்கணக்கில் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் உடையும்போதுதான் தலைவலி. ஐபி முகவரி கசியக் கூடாது என்று ‘மீடியா.பியர்கனெக்‌ஷன்.எனேபிள்ட்’ வரியை அணைத்தவர், அடுத்த மாதம் பிரவுசரில் வீடியோ கால் போகவில்லை என்று மைக்கையும் கேமராவையும் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். அவர் அணைத்தது வெப்ஆர்டிசி என்ற நுட்பத்தையே. பிரவுசர் வழி வீடியோ கால் பெரும்பாலும் ஓடுவது அதன் மேல்தான். ஒரே மாலையில் பத்து வரிகளை மாற்றியிருந்தால், எது குற்றவாளி என்று தேடுவது இன்னும் சிரமம்.

அடுத்தது பழைய குறிப்புகளை நம்புவது. ‘பிரவுசர் வேகத்தை இரட்டிப்பாக்கும் ரகசியம்’ என்று சுற்றிவரும் பட்டியல்களில் இன்றும் பைப்லைனிங் என்ற சொல் தலைகாட்டும். ஒரு கோரிக்கைக்குப் பதில் வரும் முன்பே அடுத்ததை அனுப்பும் உத்தி அது. ஃபயர்ஃபாக்ஸ் அந்த வசதியை 2017-லேயே நீக்கிவிட்டது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: அந்தப் பெயரைத் தேடல் பெட்டியில் அடித்தால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று பிரவுசர் சொல்லாது. பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்), நம்பர் (எண்), ஸ்ட்ரிங் (எழுத்து) என்று மூன்று வகையைக் காட்டி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறியையும் வைக்கும். அதை அழுத்தினால் புதிய வரி ஒன்று பிறக்கும். தடித்த எழுத்தில், ட்ரூ என்று, பார்க்கக் கச்சிதமாக இருக்கும். அதைப் படிக்கிற நிரல்தான் உள்ளே எங்கும் இல்லை. எழுத்துப்பிழையோடு அடித்தாலும் இதே கதிதான். வேகம் கூடியதாகத் தோன்றினால் அது மனப்பிரமை. ஆக, கூட்டல் குறி தெரிந்தால் முதலில் பெயரைச் சரிபாருங்கள்.

எண்களில் அலகு பார்க்காமல் கை வைப்பதும் உண்டு. திறந்திருக்கும் டேப்களை எத்தனை இடைவெளியில் சேமிப்பது என்று சொல்லும் ‘பிரவுசர்.செஷன்ஸ்டோர்.இன்டர்வல்’ வரியின் மதிப்பு 15000. அது மில்லிசெகண்ட், அதாவது 15 நொடி. நிமிடத்துக்கு ஒருமுறை போதும் என்று நினைத்து 60 என்று போட்டால், நிமிடத்துக்கு ஆயிரம் முறை சேமிக்கச் சொன்னதாக ஆகும்.

குரோமின் ஃபிளாக்ஸ் பக்கம் வேறு ரகம். அங்கே இருப்பவை பரிசோதனை வசதிகளுக்கான சுவிட்சுகள்; ஒவ்வொன்றும் ஒரு ஃபிளாக். பலவற்றுக்குக் காலாவதி வைத்தே சேர்க்கிறார்கள். இன்று இருக்கும் ஃபிளாக் அடுத்த அப்டேட்டில் காணாமல் போனால் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. தரவு போகலாம், பாதுகாப்பும் அந்தரங்கமும் குறையலாம் என்ற எச்சரிக்கையை எல்லோரும் மேலோட்டமாகவாவது பார்க்கிறோம். கூடவே இன்னொன்றும் எழுதியிருக்கும்: இந்த மாற்றம் இந்த பிரவுசரைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொருந்தும். வீட்டில் ஆளுக்கொரு புரொஃபைல் வைத்திருந்தாலும், நீங்கள் போட்ட ஃபிளாக் அவர்கள் தலையிலும் விழும். பாதுகாப்பற்ற முகவரியைப் பாதுகாப்பானதாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஃபிளாக் ஒன்று உண்டு. தளம் உருவாக்குபவர்கள் சோதனைக்காகப் போடுவது. வேலை முடிந்ததும் எடுக்க மறப்பவர்கள் ஏராளம்.

மீட்கப் போய்ச் சிக்கலைக் கூட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸின் ட்ரபிள்ஷூட் மோடில் திறந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்புவது அதில் முதலாவது. அது எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தும். நீங்கள் அபவுட்:கான்ஃபிக்கில் மாற்றியதைத் திருப்பாது. அங்கே ‘மாற்றப்பட்டவை மட்டும்’ என்று வடிகட்டி, வரியின் ஓரத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்த வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலில் பிரவுசர் தானாகவே எழுதிக்கொண்ட வரிகளும் நிறைய இருக்கும். உங்களுக்கு நினைவில்லாத எல்லாவற்றையும் ரீசெட் செய்யக் கிளம்பாதீர்கள்.

இணையத்தில் யாரோ தொகுத்த யூசர்.ஜேஎஸ் கோப்பை (ஃபயர்ஃபாக்ஸ் திறக்கும்போது படித்துக்கொள்ளும் செட்டிங்ஸ் பட்டியல்) அப்படியே புரொஃபைலில் இறக்குவதை நான் தவறு என்றே சொல்வேன். நூற்றுக்கணக்கான வரிகள், ஒவ்வொன்றும் வேறொருவரின் பயத்துக்கு எழுதப்பட்டது. பிடிக்கவில்லை என்று பிறகு கோப்பை அழித்தாலும் மாற்றங்கள் போகாது. முதல் தடவை திறந்தபோதே, பிரவுசர் தன் செட்டிங்ஸைச் சேமிக்கும் பிரெஃப்ஸ்.ஜேஎஸ் கோப்பில் அவை பதிந்திருக்கும். அதைத் திருத்துவதானாலும் பிரவுசரை மூடிவிட்டுத்தான் திருத்த வேண்டும். இல்லையென்றால் மூடும்போது அது உங்கள் திருத்தத்தின் மேலேயே எழுதிவிடும். ஆசை விடவில்லை என்றால் சோதனைக்கென்று தனிப் புரொஃபைல் போட்டுக்கொள்ளுங்கள்.

குரோமில் ‘ரீசெட் ஆல்’ பொத்தான் இருப்பதால் பாதி வேலை மிச்சம். ஃபிளாக் போட்டதில் பிரவுசரே திறக்கவில்லை என்றாலும் அழித்துப் போட்டு மறுபடி நிறுவ வேண்டியதில்லை. ஷார்ட்கட்டின் கட்டளை வரியின் கடைசியில், இரண்டு சிறு கோடுகளோடு ‘நோ-எக்ஸ்பெரிமென்ட்ஸ்’ என்பதை ஆங்கிலத்தில் சேர்த்துத் திறந்தால், ஃபிளாக்குகளை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடும்.

காலண்டர் விவகாரத்துக்குப் பிறகு நான் ஒரு நோட்பேட் கோப்பு வைத்திருக்கிறேன்: தேதி, வரியின் பெயர், பழைய மதிப்பு, எதற்காக மாற்றினேன். இப்போது அதில் ஆறு வரிகள். அவற்றில் இரண்டுக்கு ‘எதற்காக’ என்ற இடம் காலியாகவே இருக்கிறது.