இரவு நேர போன் சண்டை: எங்கள் வீட்டில் நின்றது இப்படித்தான்

"போனை அளவாகப் பார்" என்பது விதியே அல்ல. "இரவு 9:30-க்கு போன் ஹாலில் சார்ஜில் இருக்க வேண்டும்" என்பதுதான் விதி. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. எழ வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, போனை வைக்கும் நேரத்தைப் பிள்ளையே சொல்லட்டும். காலையில் எழுப்பத் தனிக் கடிகாரம் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சாக்கிலேயே போன் படுக்கைக்குப் போய்விடும்.

மீறினால் என்ன என்பதையும் முன்கூட்டியே பேசி எழுதிவையுங்கள்: மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாக போன் ஹாலுக்கு வரும். அவ்வளவே. ஒரு மாதத்துக்குப் பறித்தால், இழக்க வேறெதுவும் இல்லாத பிள்ளைக்கு ஒழுங்காக நடக்கக் காரணமும் இருக்காது.

முறை கெடுவது பெரும்பாலும் நம் வாயால்தான். 9:15, 9:25 என்று நாமே நினைவூட்டிக்கொண்டிருந்தால் பொறுப்பு நம் தலையிலேயே தங்கிவிடும். ஒன்பதே காலுக்குப் பிள்ளையே அலாரம் வைக்கட்டும். தவறினால் உபதேசம் வேண்டாம், எழுதியதை மட்டும் செய்யுங்கள். முதல் வாரத்தில் வேண்டுமென்றே சோதிப்பார்கள். அப்போது ஒருநாள் தளர்ந்தாலும், இன்னும் கொஞ்சம் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வார்கள். பெற்றோரின் போனும் அதே ஹாலில்தான்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் போனால், வார இறுதிக்கு அரை மணி நேரம் கூட்டிக் கொடுங்கள்.