டக் டன்: சோல் பேஸ் கேட்பவர்களும் பழகுபவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த சோல், ப்ளூஸ் இசைக்காக பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான) கிட்டார் எடுப்பவர்கள் காதில் முதலில் விழும் பெயர்களில் ஒன்று டொனால்ட் ‘டக்’ டன். 1941-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பிறந்தவர். அதே ஊரின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் ஓட்டிஸ் ரெடிங், சாம் அண்ட் டேவ் எனப் பலரின் பாடல்களுக்கு வாசித்தவர். அவரைத் தேடிப் போகிறவர்கள் சறுக்கும் முதல் இடமே ‘கிரீன் ஆனியன்ஸ்’. ஸ்டாக்ஸ் பாடகர்களுக்குப் பின்னால் வாசித்த புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ் குழுவுக்கு 1962-இல் பெயர் வாங்கித் தந்த அந்த ட்ராக்கில் பேஸ் வாசித்தவர் டன் இல்லை, லூயி ஸ்டைன்பெர்க். அவர் இடத்துக்கு டன் வந்தது 1960களின் நடுவில். பிறகு மேடைகளில் காலமெல்லாம் டன்னே அதை வாசித்ததால் வந்த குழப்பம் இது. ஸ்டைன்பெர்க்கின் வேலையைத் தூக்கி டன் கணக்கில் எழுதுவது சரியில்லை. டன்னுக்கு அது தேவையும் இல்லை.

‘ரெஸ்பெக்ட்’ பாட்டிலும் இதே கதைதான். 1965-இல் ஓட்டிஸ் ரெடிங் மெம்ஃபிஸில் பாடியதில் பேஸ் டன். 1967-இல் அரீத்தா ஃபிராங்க்ளின் நியூயார்க்கில் பாடி உலகம் முழுக்கப் போனதில் பேஸ் டாமி காக்பில். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒரே பாட்டு இரண்டு பேர் கையில் எப்படி வேறு வேறாக நடக்கிறது என்பது பத்துப் பாடம் படித்தாலும் கிடைக்காதது. பாட்டின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தவரை முடிவு செய்யாதீர்கள். எந்த ஆண்டு, எந்த ஸ்டுடியோ என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அடுத்தது, என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு: “நோட்டு குறைவாக இருக்கிறதே, இது எளிது” என்று நினைப்பது. 1965 மே மாதம் வில்சன் பிக்கெட்டின் ‘இன் தி மிட்நைட் ஹவர்’ ஸ்டாக்ஸில் பதிவானபோது, தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் அப்போது இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்த ‘ஜெர்க்’ நடனத்தை ஆடிக் காட்டி, நான்கு எண்ணிக்கைத் தாளத்தின் இரண்டாம் அடியில் அழுத்தம் வேண்டும் என்று கேட்டார். டிரம்மர் ஆல் ஜாக்சனும் கிட்டார் வாசித்த ஸ்டீவ் கிராப்பரும் இரண்டாம், நான்காம் அடிகளைத் துளி தாமதித்துப் போட ஆரம்பித்தார்கள். பேஸில் இருந்தவர் டன். அந்த அடிகளைப் போடும் ஸ்னேர் டிரம் அப்படிப் பின்னால் சாயும்போது பேஸும் கூடவே சாய்ந்தால் பாட்டு தொய்ந்துவிடும். முந்திக்கொண்டு ஓடினால் அந்தச் சாய்வே கெட்டுப்போகும். காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு ஒட்டி நின்று, பாடகர் வாய் திறக்கும் இடத்தில் விலகி, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன நகர்வு செய்ய வேண்டும். பழகுகிறவர்கள் இங்கேதான் பொறுமை இழந்து இடைவெளியை நிரப்புகிறார்கள். நிரப்பாதீர்கள். நோட்டை எப்போது தொடங்குகிறோம் என்பதைப் போலவே எப்போது நிறுத்துகிறோம் என்பதையும் கவனித்துப் பழகுங்கள்.

ஒலியிலும் ஒரு தவறு நடக்கிறது. உருண்டைக் கம்பி சுற்றிய, புத்தம் புதிய ரவுண்ட்வூண்ட் கம்பி போட்டு, ட்ரெபிளை (கூர்மையான மேல் ஒலியை) ஏற்றி வைத்துவிட்டு “அந்தச் சத்தம் வரவில்லையே” என்றால் எப்படி வரும்? டன்னும், டெட்ராய்டில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனும் வாசித்தது ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், தட்டையான நாடா சுற்றிய ஃபிளாட்வூண்ட் கம்பிகள். ஜேமர்சன் கம்பியே மாற்றமாட்டார். வலது கையில் ஆட்காட்டி விரல் ஒன்றால்தான் மீட்டுவார். அவருடைய கிட்டாரில் பிரிட்ஜ் (கம்பிகளை உடலோடு தாங்கும் பகுதி) மூடிக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்ச் கம்பியின் அதிர்வைச் சட்டென்று அடக்கிவிடும். மடித்த ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை பிரிட்ஜ் ஓரம் செருகிப் பாருங்கள், வித்தியாசம் உடனே கேட்கும். ஒலியை மாற்றும் விலையுயர்ந்த பெடல் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

சோல் வேறு ஆள், ப்ளூஸ் வேறு ஆள் என்று பிரிக்கவும் வேண்டாம். ப்ளூஸ் பாடகர் ஆல்பர்ட் கிங்கின் 1967 ‘பார்ன் அண்டர் எ பேட் சைன்’ பதிவானதும் அதே ஸ்டாக்ஸ் கூடத்தில், அதே ஆட்களோடு.

ஸ்டாக்ஸ் 1975-இல் திவாலானதோடு டன்னின் கதையும் முடிந்தது என்று எழுதுகிறவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். 1980-இல் ‘தி ப்ளூஸ் பிரதர்ஸ்’ படத்தில் அவர் அவராகவே வந்தார். ஸ்டீவி நிக்ஸும் டாம் பெட்டியும் சேர்ந்து பாடிய 1981 பாட்டு, எரிக் கிளாப்டனின் 1983 ஆல்பம் ‘மனி அண்ட் சிகரெட்ஸ்’, 1990களில் நீல் யங்கின் மேடை என்று வேலை ஓடிக்கொண்டே இருந்தது. 2012 மே மாதம் டோக்கியோவில் கச்சேரிகளை வாசித்து முடித்த மறுநாள் அதிகாலை காலமானார்.

இந்தத் தொழிலுக்கே வர நினைப்பவர்கள் கடைசியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெயர் எங்கே அச்சாகிறது என்பது. ஜேமர்சன் எத்தனையோ முதலிடப் பாடல்களுக்கு வாசித்தும், 1971-இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் வரும்வரை மோடவுன் இசைத்தட்டு உறைகளில் இசைக்கலைஞர்கள் பெயரே போடவில்லை. வாசித்ததற்குக் கூலி மட்டும் வாங்கினால் கணக்கு பெரும்பாலும் அன்றோடு முடிந்துவிடும். இயற்றியவர் என்று பெயர் இருந்தால் பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் பங்கு வரும். டன் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர். எம்.ஜி.ஸ் குழுவின் 1968 ‘சோல் லிம்போ’வை இயற்றியவர்களாக நான்கு பேர் பெயரும் இருக்கிறது, அவருடையதும். பிபிசி பல ஆண்டுகள் கிரிக்கெட் ஒளிபரப்புக்கு முகப்பு இசையாக வைத்திருந்தது அதைத்தான்.