ஸ்டர்லிங் மாஸின் பந்தயக் கணக்கைப் படிப்பது எப்படி?

பழைய காலத்து ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைத்தால் எல்லோரும் முதலில் தேடுவது, எத்தனை முறை உலக சாம்பியன் ஆனார் என்பதைத்தான். ஸ்டர்லிங் மாஸுக்கு அப்படித் தேடினால் பூஜ்யம் என்று வரும். 1955 முதல் 1958 வரை வரிசையாக நான்கு வருடம் இரண்டாமிடம், அடுத்த மூன்று வருடம் மூன்றாமிடம். ராசியில்லாத மனுஷன் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடாதீர்கள், அந்தப் பட்டியலைப் படிக்க ஒரு முறை இருக்கிறது.

முதல் வேலை, அந்த வருடத்துப் புள்ளி விதியைத் தெரிந்துகொள்வது. இன்றைய விதியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எதுவும் புரியாது. 1958இல் முதல் ஐந்து இடங்களுக்கு 8, 6, 4, 3, 2 புள்ளிகள், மிக வேகமான லேப்புக்கு, அதாவது பாதையின் ஒரு சுற்றுக்கு, தனியாக 1, வருடம் முழுக்க வாங்கியதில் சிறந்த ஆறு முடிவுகள் மட்டுமே கணக்கில் சேரும். இப்போது ஒரு பேப்பரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். மாஸ் அந்த வருடம் நான்கு பந்தயம் ஜெயித்தார். அவருக்குக் கிடைத்தவை 9, 9, 8, 8, 6, 1, ஆக 41. மைக் ஹாத்தார்ன் ஜெயித்தது ஒன்றே ஒன்று, ஆனால் அடுக்கடுக்காக இரண்டாமிடம் பிடித்து 9, 7, 7, 7, 6, 6, 4, 2, 1 என்று 49 சேர்த்தார். கடைசி மூன்றை விதிப்படி கழித்தால் 42. ஒரு புள்ளியில் சாம்பியன்.

அந்த 7களில் ஒன்று போர்ச்சுகலில் வந்தது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடைசி லேப்பில் சுழன்று நின்றுபோன காரை ஹாத்தார்ன் பந்தயத் திசைக்கு எதிராகத் தள்ளிக் கிளப்பினார் என்று அவரைத் தகுதி நீக்கப் பார்த்தார்கள். தள்ளியது நடைபாதையில்தான், பந்தயப் பாதையில் இல்லை என்று அவருக்காகப் போய்ப் பேசியது சாட்சாத் மாஸ். பேசாமல் இருந்து, அந்த 7 போயிருந்தால், கழித்து வைத்திருந்த 4 உள்ளே வந்து ஹாத்தார்னின் கணக்கு 39 ஆகியிருக்கும். அதே பந்தயத்தில் இன்னொன்று: ஹாத்தார்ன் வேகமான லேப் போட்டுவிட்டார் என்று பிட்டில், அதாவது பாதையோரம் அணிகள் காரைக் கவனிக்கும் இடத்தில், காட்டிய பலகையை மாஸ் தப்பாகப் படித்து, அவர் வழக்கமான வேகத்தில்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டார். அந்த ஒரு புள்ளியை அவர் திருப்பி எடுத்திருந்தால்? மாஸ் 42, ஹாத்தார்ன் 41. கூட்டிப் பாருங்கள்.

1957க்குப் போனால் வேறொரு விதி. அப்போதெல்லாம் ஒரே காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டலாம். இங்கிலாந்தின் ஏய்ன்ட்ரீயில் மாஸின் வான்வால் கார் மக்கர் செய்ய, விபத்துக் காயம் முழுசாக ஆறாத டோனி புரூக்ஸ் தன் காரைக் கொடுத்தார், மாஸ் அதில் ஏறி ஜெயித்தார். வெற்றிக்கான 8ஐ ஆளுக்கு 4 என்று பிரித்துக்கொண்டார்கள். 1958 முதல் இப்படிப் பகிர்ந்து ஓட்டினால் புள்ளியே கிடையாது.

அடுத்து, யாருடைய கார் என்று ஒவ்வொரு பந்தயத்துக்கும் கேளுங்கள். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். 1961 மொனாக்கோவில் மாஸ் ஓட்டியது ராப் வாக்கர் என்ற தனியாருடைய, முந்தைய வருடத்து லோட்டஸ் 18. எதிரே குதிரைத்திறன் கூடுதலான ஃபெராரிகள். கிளம்பும் முன் காரின் சட்டகத்தில் ஒரு குழாய் விரிசல் விட்டிருப்பதை மாஸே பார்த்துவிட்டார். மெக்கானிக் ஆல்ஃப் பிரான்சிஸ், பெட்ரோல் நிரம்பிய டேங்கை ஈரத்துணியால் போர்த்திவிட்டு அங்கேயே வெல்டிங் வைத்தார்! வெக்கைக்காகப் பக்கத் தகடுகளையும் கழற்றிவிட்டதால், மாஸ் உட்கார்ந்து ஓட்டுவது வெளியிலிருந்தே தெரிந்தது. 100 லேப், ஜெயித்தது 3.6 விநாடியில். பட்டியலில் இது வெறும் "1" என்று இருக்கும்.

அப்புறம், ஃபார்முலா ஒன்னை விட்டு வெளியே வாருங்கள். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் கிடைத்த காரிலெல்லாம் ஓட்டினார்கள். மாஸ் கலந்துகொண்ட 529 பந்தயங்களில் 212 வெற்றி, அதில் உலக சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரீ 16தான். மற்றதில் எதை முதலில் படிப்பது என்றால் இத்தாலியின் 1955 மில்லே மிலியா. பிரெஷ்யாவில் கிளம்பி ரோம் போய்த் திரும்ப பிரெஷ்யா, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர், எல்லாம் பொதுச் சாலை. காலை 7.22க்குக் கிளம்பியதால் மெர்சிடிஸின் எண் 722. பக்கத்தில் பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன், அவர் மடியில் வளைவுகளையெல்லாம் குறித்த ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள தாள், உருளையில் சுற்றி ஒரு சின்னப் பெட்டிக்குள். என்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் உருளையைத் திருகித் திருகிப் படித்துக் கையால் சைகை காட்டிக்கொண்டே போனார். 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார்கள், இரண்டாவதாக வந்த ஃபான்ஜியோ அரை மணி நேரத்துக்கும் மேல் பின்னால்.

1962 சாம்பியன்ஷிப் பட்டியலில் மாஸ் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது. சீசன் தொடங்கும் முன்பே, ஏப்ரல் 23இல், குட்வுட்டில் சாம்பியன்ஷிப்பில் சேராத ஒரு பந்தயத்தில் மோதி ஒரு மாதம் நினைவிழந்து கிடந்தார். அடுத்த வருடம் அங்கேயே ஒரு காரை ஓட்டிப் பார்த்தார், முன்பு தானாக வந்தது இப்போது யோசித்து யோசித்துத்தான் வருகிறது என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். அப்போது வயது 33.

இந்த முறை கைவந்துவிட்டால் அடுத்து டோனி புரூக்ஸை எடுங்கள். 1959 கடைசிப் பந்தயம், செப்ரிங், சாம்பியன் ஆகும் வாய்ப்பு கையில் இருந்தது. முதல் லேப்பிலேயே இன்னொரு ஃபெராரி இடித்ததும் அவர் நேராகப் பிட்டுக்கு வந்து காரைச் சோதிக்கச் சொன்னார், மூன்றாவதாக முடித்தார், பட்டம் போனது. ஏன் நிறுத்தினார் என்பது 1956 சில்வர்ஸ்டோன், 1957 லெ மான் பந்தயங்களைத் தேடிப் படித்தால் விளங்கும்: கோளாறு இருக்கிறது என்று தெரிந்தே ஓட்டி இரண்டு தடவை பெரிய விபத்தில் மாட்டியவர் அவர்.